கட்டட ஒளிப்படப் போட்டிக்கு நடுவராக அமர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கட்டடங்களைப் பற்றிய ஒளிப்படப் போட்டிக்கு நடுவராக அமர்பவர், முதல் படத்தைத் திறக்கும் முன்பே ஒரு கேள்விக்கு விடை கண்டிருக்க வேண்டும்: மதிப்பெண் கட்டடத்துக்கா, அதை எடுத்த படத்துக்கா? கேட்க எளிதாகத் தோன்றினாலும், மதிப்பீட்டில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டும் கலந்துவிடுவதால் வருபவை. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் திரையில் தெரிந்ததும் மனம் கும்பிட்டுவிடுகிறது. அந்தக் கும்பிடு ராஜராஜனுக்கும் அவனுடைய தச்சர்களுக்கும் உரியது. வாசலில் நின்று பொத்தானை அழுத்தியவருக்கு அதில் பங்கில்லை. அதே வேளையில், சாலையோரத்தில் ஓடு சரிந்து கிடக்கும் ஒரு பழைய சத்திரத்தின் திண்ணையையும் தூண் வரிசையையும், அங்கே ஒரு காலத்தில் வழிப்போக்கர் படுத்துறங்கிய தாழ்வாரத்தின் ஆழத்தையும் ஒரே சட்டகத்தில் காட்டிவிட்ட படம், கட்டடத்தின் பெயர் எவருக்கும் தெரியாது என்பதற்காகவே முதல் சுற்றில் ஒதுக்கப்படுவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு படத்தின் முன்னும் நடுவர் தம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இந்தக் கட்டடத்தைப் பற்றி இந்தப் படம் எனக்கு எதைத் தெரிவிக்கிறது, அதைத் தெரிவிக்க எடுத்தவர் என்ன செய்திருக்கிறார்?

போட்டியின் நோக்கம் என்னவோ அதைப் பொறுத்தே அளவுகோல் அமையும் என்பதால், நோக்கம் தெளிவாக எழுதப்பட்ட ஒரு போட்டியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். ‘விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்’ என்னும் போட்டி 2010இல் நெதர்லாந்தில் தொடங்கியது. மறு ஆண்டு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பரவி, 1,68,208 படங்களுடன் உலகின் மிகப்பெரிய ஒளிப்படப் போட்டி என்று கின்னஸ் சாதனைப் பதிவில் இடம்பெற்றது. 2012இல் இந்தியாவும் சேர்ந்தது. அந்த ஆண்டின் உலகளாவிய முதல் பரிசே டெல்லி சஃப்தர்ஜங் கல்லறையின் படத்துக்குத்தான் கிடைத்தது. மரபுச் சின்னங்களின் படங்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய உரிமத்தில் திரட்டி, விக்கிப்பீடியாவின் கட்டுரைகளுக்குக் கொடுப்பதுதான் அதன் நோக்கம். எனவே தொழில்நுட்பத் தரம், புதுமை, கலைக்களஞ்சியத்துக்குப் பயன்படும் தன்மை என்ற மூன்றையும் நடுவர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். மூன்றாவது அளவுகோல் இல்லாத போட்டியில் வெற்றி பெறக்கூடிய அழகிய படம் ஒன்று, இங்கே பின்தங்கிவிடலாம். ஆர்கெய்ட் நிறுவனம் தொடங்கிய கட்டட ஒளிப்பட விருதுகளிலோ வெளிப்புறம், உட்புறம், இடத்தின் உணர்வு, பயன்பாட்டிலுள்ள கட்டடம் எனப் பிரிவுகள் வகுக்கப்பட்டிருந்தன. அங்கே ‘பயன்பாட்டிலுள்ள கட்டடம்’ என்ற பிரிவுக்கு வந்த படத்தில் ஆளே இல்லையென்றால், அது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கேள்விக்கு விடை சொல்லவில்லை என்றே பொருள். விதிமுறையை முழுதாகப் படிக்காமல் மதிப்பெண் போடத் தொடங்கும் நடுவர், தம் சொந்த ரசனையைத்தான் போட்டியின் அளவுகோலாக ஆக்குகிறார்.

தகுதி பார்ப்பது

தகுதிச் சோதனையை நடுவர்களிடம் விடாமல், அமைப்பாளர்களே முன்கூட்டி முடித்துவிடுவது நல்லது. படம் அனுப்பியவரே எடுத்ததா, எந்தக் கட்டடம் என்று அடையாளம் குறிக்கப்பட்டிருக்கிறதா, குறித்த நாட்களுக்குள் வந்ததா, மேலே பெயரோ முத்திரையோ பொறிக்கப்பட்டிருக்கிறதா, போதிய பிக்சல் அளவு இருக்கிறதா என்பவை ஆம்–இல்லை என்று முடியும் கேள்விகள். ஒன்றில் மட்டும் குழப்பம் அடிக்கடி வருகிறது. மேலே சொன்ன ‘விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்’ போட்டியில் படம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டிருந்தாலும் சரி, போட்டி நடக்கும் மாதத்தில் பதிவேற்றப்பட்டிருந்தால் போதும். வேறு சில போட்டிகளில் எடுத்த தேதியே கணக்கு. இதை அறியாமல் பழைய படங்களைத் தள்ளிவிட்டால், இன்று இடிந்து போய்விட்ட ஒரு கட்டடத்தின் ஒரே நல்ல பதிவை நாம் இழக்க நேரிடும்.

சட்டமும் இதில் அடங்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, கட்டடக் கலைப் படைப்பு ஒன்றை ஒளிப்படம் எடுப்பதையும் வெளியிடுவதையும் பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. பிரான்சில் நிலைமை வேறு. கட்டடக் கலைஞர் இறந்து எழுபது ஆண்டுகள் வரை அவர் வடிவமைத்த கட்டடத்துக்கு உரிமை உண்டு. தனிநபர் வணிக நோக்கமின்றி எடுப்பதற்கு மட்டுமே அங்கு விலக்கு இருக்கிறது. குஸ்டாவ் ஈஃபில் 1923இல் காலமானதால் அவருடைய கோபுரத்தைப் பகலில் எடுத்த படத்துக்குத் தடையேதும் இல்லை; ஆனால் இரவில் அதன் மீது ஒளிரும் விளக்கமைப்பு தனிப் படைப்பாகக் கருதப்படுகிறது. வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் உரிமம் கேட்கும் போட்டியில் அப்படிப்பட்ட இரவுப் படத்தை ஏற்பது, அனுப்பியவரையும் அமைப்பாளரையும் ஒருசேரச் சிக்கலில் தள்ளிவிடும்.

படம் எடுக்க அனுமதி இருந்ததா என்பதும் நம் கோயில்களைப் பொறுத்தவரை சிறிய விஷயமன்று. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் கையில் பிடித்த கேமராவுக்குப் பொதுவாகத் தடையில்லை. முக்காலி வைப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். வழிபாடு நடக்கும் கோயில்களில் கருவறைப் பக்கம் படம் எடுப்பதில்லை என்பது நெடுநாள் வழக்கம். தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. தடை உள்ள இடத்தில் ஒளித்து எடுத்த படம் ‘அரிய காட்சி’ என்ற காரணத்தாலேயே மேலேறிவிடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. விதியை மதித்து வெளிப் பிரகாரத்தோடு நின்றவர்கள் அத்தனை பேருக்கும் அது இழைக்கும் அநீதி. ட்ரோன் படங்களுக்கும் இதுவே பொருந்தும்; சந்தேகம் வந்தால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பதைவிட, அமைப்பாளருக்குக் குறிப்பு எழுதி அனுமதிக் கடிதத்தைக் கேட்கச் சொல்வதே முறை.

சுற்றுகளைப் பிரிப்பது

ஆயிரக்கணக்கான படங்களுக்கு எடுத்த எடுப்பிலேயே நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட முடியாது. ‘விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்’ போட்டிக்காக உருவாக்கப்பட்ட ‘மோன்டாஜ்’ என்னும் மதிப்பீட்டுக் கருவியில் மூன்று முறைகள் உள்ளன: வேண்டும்–வேண்டாம் என்று பிரிப்பது, ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுப்பது, எஞ்சியவற்றை வரிசைப்படுத்துவது. எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும், தாளில் எழுதினாலும், இந்த வரிசை நல்ல வரிசை. முதல் சுற்றில் ஒவ்வொரு படத்தையும் குறைந்தது இரண்டு பேராவது பார்க்க வேண்டும். ஒருவர் மட்டுமே பார்த்துத் தள்ளிய படத்துக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், அவருடைய களைப்பே தீர்ப்பாகிவிடும் ஆபத்து இருக்கிறது. அனுப்பியவரின் பெயர் எந்தச் சுற்றிலும் நடுவருக்குத் தெரியக்கூடாது.

முதல் சுற்றில் கேள்வியைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘இது பரிசுக்குரியதா’ என்று கேட்காமல், ‘இதை இன்னொரு முறை பார்க்க வேண்டுமா’ என்று மட்டும் கேட்டால் போதும். ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான படங்களைத் தள்ளிக்கொண்டே போகும்போது கண்ணின் அளவுகோல் தானாக மாறும்: தொடக்கத்தில் தாராளமாகவும், சலிப்பு வந்த பிறகு கடுமையாகவும், நடுவே தொடர்ந்து மோசமான படங்கள் வந்தால் சுமாரான ஒன்றைக் கண்டதும் மகிழ்ந்துபோயும் கை நகரும். அமர்வைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பதும், முடிவில் முதல் ஐம்பது படங்களுக்குத் திரும்பச் சென்று மறுபடி பார்ப்பதும் அவசியம். பார்க்கும் திரையும் நம்பகமானதாக இருக்க வேண்டும். கைபேசியில் பளிச்சென்று தெரியும் வண்ணம் கணினித் திரையில் வேறாக இருக்கும் என்பதால், கைபேசியில் மதிப்பிடுவதை நான் ஏற்பதில்லை.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு படத்தையும் இரு நிலைகளில் பார்க்கவும். முதலில் திரை முழுவதும் நிறையும்படி வைத்து, சில நொடிகள் எதையும் ஆராயாமல் பாருங்கள். கண் எங்கே போய் நிற்கிறது, படத்தை விட்டு எந்த வழியாக வெளியேறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். பிறகு முழு அளவுக்குப் பெரிதாக்கி மூலைகளுக்குச் செல்லுங்கள். மூலைகளில் மங்கலும், கல்லின் விளிம்பில் ஊதா அல்லது பச்சைக் கோடும், இருண்ட பகுதிகளில் புள்ளிப் புள்ளியான இரைச்சலும், வானத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே வெளிறிய வளையமும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்ன வளையம் பெரும்பாலும், வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்தவற்றை ஒரே படமாக இணைக்கும் ஹெச்டிஆர் முறையை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதாலோ, கூர்மையைச் செயற்கையாகக் கூட்டியதாலோ வருவது. ஆனால் குறை கண்டதும் படத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அந்தக் குறை, படம் சொல்ல வந்ததைக் கெடுக்கிறதா என்பதே கேள்வி. இருண்ட மண்டபத்தின் உள்ளே முக்காலியின்றி எடுத்த படத்தில் சிறிது இரைச்சல் இருப்பது இயல்பு. நண்பகல் வெயிலில் எடுத்த வெளிப்புறப் படத்திலும் அதே இரைச்சல் இருந்தால் அது கவனக்குறைவு.

கோடுகளைப் படிப்பது

மற்ற ஒளிப்படங்களிலிருந்து கட்டடப் படத்தைப் பிரித்துக் காட்டுவது கோடுகள்தான். இங்கே நடுவருக்குக் கண்ணோடு கட்டடக் கலை அறிவும் வேண்டியிருக்கிறது.

உயரமான கட்டடத்தின் அருகே நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால், செங்குத்தான சுவர்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். விலகி நின்று எடுப்பது, எதிரே உயரமான இடத்திலிருந்து எடுப்பது, லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் ஷிஃப்ட் லென்ஸைப் பயன்படுத்துவது, பின்னர் மென்பொருளில் நிமிர்த்துவது என்று இதற்குப் பரிகாரங்கள் உண்டு. இதுவரை எல்லா நடுவர்களும் அறிந்ததே. தஞ்சை விமானத்தைப் போன்ற, தானே கூம்பிச் செல்லும் கட்டடத்தில் எது கட்டடத்தின் சாய்வு, எது கேமராவின் சாய்வு என்று பிரித்தறிவதுதான் கடினம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. தஞ்சை விமானத்தின் கீழ்ப்பகுதியில் கருவறைச் சுவர் இரண்டு தள உயரத்துக்குச் செங்குத்தாக எழுந்து, அதன் பிறகே தளம் தளமாகக் குறுகத் தொடங்குகிறது. ஆகவே சிகரத்தைப் பார்க்காதீர்கள். கோட்டத்துச் சிற்பங்கள், அதாவது சுவர் மாடங்களில் உள்ள சிற்பங்கள், நிற்கும் அந்தக் கீழ்ச் சுவரின் இரு ஓரங்களையும் பாருங்கள். அவை நேராக இருந்தால் மேலே தெரியும் குறுக்கம் கட்டடத்தினுடையது. அவையும் உள்நோக்கிச் சாய்ந்தால் கேமரா அண்ணாந்திருக்கிறது.

இதன் அடுத்த படி இன்னும் நுட்பமானது. தஞ்சை விமானத்தின் வெளிக்கோடு ஏறக்குறைய நேர்க்கோடாகப் பதின்மூன்று தளங்களில் ஏறும். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒன்பது தளங்களே உள்ள விமானம் உட்புறமாக மென்மையாக வளைந்து செல்லும். தந்தை கட்டியதற்கும் மகன் கட்டியதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடுகளில் இது ஒன்று. அகலக் கோண லென்ஸால் நேர்க்கோடு வெளிப்பக்கம் பிதுங்கினால், அல்லது மென்பொருளில் மிகையாக நிமிர்த்தி உச்சிப் பகுதி இழுக்கப்பட்டால், இந்த வேறுபாடு படத்தில் அழிந்துபோகும். கங்கைகொண்ட சோழபுரம் தஞ்சையைப் போல விறைப்பாகத் தெரியும் ஒரு படம், எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அந்தக் கட்டடத்தைப் பற்றித் தவறான செய்தியைத் தருகிறது. மிகையாக நிமிர்த்தியதைக் கண்டுபிடிக்க உச்சியைப் பாருங்கள்: சிகரமும் கலசமும் இயல்புக்கு மாறாக நீண்டிருக்கும், கீழே இருக்கும் கூர்மை மேலே குறைந்திருக்கும், மொத்தக் கட்டடமும் நம் மீது கவிழ்வது போன்ற தோற்றம் வரும்.

எல்லாச் சாய்வும் பிழையன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பைசாவின் மணிக்கோபுரத்தை நேராக நிமிர்த்தி அனுப்பினால் அதுதான் பிழை. அங்கே அருகிலுள்ள தேவாலயத்தின் சுவரையும் தரையில் நிற்பவர்களையும் கொண்டே படம் நேரா என்று பார்க்க வேண்டும். வேண்டுமென்றே அண்ணாந்து எடுத்து, உயரத்தின் மிரட்சியைக் காட்ட முனைந்த படங்களையும் அதே கோலால் அடிக்கக்கூடாது. அவற்றில் சாய்வு தெளிவாகவும் மிகுதியாகவும் இருக்கும். இரண்டு மூன்று பாகை அளவில், எடுத்தவர் கவனிக்காமல் விட்ட சாய்வுக்கே மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும்.

ஒளியும் உண்மையும்

கட்டடம் நகராது, ஒளிதான் நகர்கிறது. அதனால், எடுத்தவர் எப்போது வந்து நின்றார் என்பது கட்டடப் படத்தில் ஏறக்குறைய பாதி வேலை. பக்கவாட்டில் விழும் ஒளி கல்லின் புடைப்பையும் பள்ளத்தையும் காட்டும். நேரே முகத்தில் விழும் ஒளி எல்லாவற்றையும் தட்டையாக்கும். மேகம் மூடிய வானத்தின் ஒளி, சுண்ணாம்பு பூசிய வெள்ளைக் கட்டடங்களுக்கு நன்மை செய்யும். மதுரை திருமலை நாயக்கர் மகாலைப் போல நடுவே திறந்த முற்றமும் சுற்றிலும் நிழலான தாழ்வாரமும் கொண்ட கட்டடத்தில், முற்றத்து வெயிலையும் தாழ்வாரத்து இருளையும் ஒரே படத்தில் அடக்குவது பெரும் சோதனை. வெளிச்சம் விழும் தூண்களின் சுதை வேலைப்பாடு வெளுத்துப் போகாமலும், நிழலில் வளைவுகளின் விவரம் மறைந்துவிடாமலும் எடுத்திருப்பவரின் உழைப்பை நடுவர் கண்டுகொள்ள வேண்டும்.

ஒளியைப் படிக்கத் தெரிந்த நடுவர் போலியையும் கண்டுபிடித்துவிடுவார். ஒரு படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தஞ்சைக் கோயிலின் கிழக்கு வாயிலிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. முன்னே நந்தி மண்டபம், அதன் பின்னே விமானம், விமானத்துக்குப் பின்னால் செக்கச் சிவந்த மாலை வானம். விமானத்தின் முன்முகமோ பொன்னிறமாக மின்னுகிறது. பார்த்ததும் மனத்தைக் கவரும். ஆனால் கோயில் கிழக்கு நோக்கியது. மாலைச் சூரியன் விமானத்துக்குப் பின்னால் மேற்கில் இறங்கும்போது, நாம் காணும் முகம் நிழலில் இருந்தாக வேண்டும், நந்தி மண்டபத்தின் நிழல் நம்மை நோக்கி நீள வேண்டும். முன்முகத்தில் நேரடி வெயிலும் தரையில் மேற்கு நோக்கி விழுந்த நிழலும் தெரிந்தால், கட்டடம் காலையில் எடுக்கப்பட்டது, வானம் வேறெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. மின்விளக்கு வெளிச்சமாக இருக்கலாமே என்று ஐயம் எழுந்தால், ஒளி கீழிருந்து மேலே போகிறதா, ஒரே சீராக விழுகிறதா என்று பாருங்கள். படக் கோப்பில் கேமரா தானே எழுதிவைக்கும் எக்சிஃப் தகவலில் நேரம் பதிவாகியிருக்கும். கேமராவின் கடிகாரம் தவறாக வைக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், அதை மட்டும் கொண்டு குற்றம் சுமத்தக்கூடாது. நிழலும் நேரமும் ஒன்றுசேர்ந்து முரண்பட்டால், திருத்தாத மூலக் கோப்பைக் கேட்டுவிட வேண்டியதுதான்.

திருத்தம் எதுவரை அனுமதிக்கப்படலாம்? லென்ஸில் படிந்த தூசியின் கறையை நீக்குவதும், வெளிச்சத்தையும் வண்ணத்தையும் சமன்செய்வதும், கோட்டை நிமிர்த்துவதும் எவரும் மறுக்காதவை. மின்கம்பியை அழிப்பது அவ்வளவு எளிதில் முடியும் வழக்கன்று. கலைப் படப் போட்டியில் அதை விட்டுவிடலாம். ஆவணமாகப் பயன்படவிருக்கும் படத்தில் கம்பியையும் கம்பத்தையும் விளம்பரப் பலகையையும் அழிப்பது, அந்தக் கட்டடம் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்ற உண்மையை அழிப்பதாகும். கோபுரத்தின் மீது முளைத்த ஆலங்கன்றை அழித்து அனுப்பிய படம், பாதுகாப்புப் பணி செய்பவர்களுக்கு மிகவும் தேவையான ஒரே செய்தியை நீக்கிவிடுகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத தூணையும் சிற்பத்தையும் நிரப்பித் தரும் இந்நாளில், விதிமுறையில் இதைப் பற்றித் தனியாக ஒரு வரி இருந்தே ஆக வேண்டும். நடுவரும் திரும்பத் திரும்ப வரும் வேலைப்பாடுகளைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்: உண்மையான கல்தச்சர் செதுக்கிய யாளி வரிசையில் ஒன்றுக்கொன்று சிறு வேறுபாடு இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் முழுமையான யாளியாக இருக்கும். கருவி நிரப்பியதில் உருவங்கள் பாதியில் கரைந்து அடுத்ததோடு கலந்துவிடும்.

பயனும் புதுமையும்

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் முன்மண்டபம், சக்கரமும் பாயும் குதிரையும் பூட்டிய தேராக அமைக்கப்பட்டது. இதைப் பற்றி இரண்டு படங்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் கல் சக்கரம் மட்டும் சட்டகம் முழுவதும் நிறைந்து, சாய்ந்த ஒளியில் ஆரங்களின் செதுக்கல் துல்லியமாகத் தெரிகிறது. மற்றொன்றில் சக்கரமும் குதிரையும் படிக்கட்டும் அவற்றின் மேலே மண்டபத்தின் தூண்களும் சேர்ந்து வருகின்றன; ஒளி முதல் படத்தைப் போல அத்தனை சிறப்பாக இல்லை. முதல் படம் நல்ல சிற்பப் படம். சிற்பப் பிரிவு இருந்தால் அங்கே வெல்லட்டும். கட்டடப் போட்டியில் நான் இரண்டாவதற்கே கூடுதலாகக் கொடுப்பேன், ஏனென்றால் மண்டபமே தேர் என்ற எண்ணம், அதாவது பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதைத் திட்டமிட்டவரின் மனத்திலிருந்தது, இரண்டாவது படத்தில்தான் பார்ப்பவருக்குக் கிடைக்கிறது. இன்னொரு நடுவர் இதை மறுக்கலாம்; மறுப்பவர் தம் காரணத்தையும் படத்திலிருந்தே எடுத்துக் காட்ட வேண்டும்.

பயன் என்றதும் அடையாள அட்டைக்கு எடுத்ததைப் போன்ற நேர்முகப் படம் என்று சிலர் கொள்கிறார்கள். அப்படியன்று. ‘விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்’ போட்டியில் 2017இல் உலகளாவிய முதல் பரிசு, புனே மாவட்டத்திலுள்ள ஜேஜூரி கண்டோபா கோயிலின் படத்துக்குக் கிடைத்தது. மஞ்சள்பொடி வாரித் தூவும் பக்தர்களோடு கூடிய கோயில் அது. அங்கே மக்கள் கட்டடத்தை மறைக்கவில்லை, கட்டடம் எதற்காக இருக்கிறது என்பதைக் காட்டினார்கள். 2013இல் முதலிடம் பெற்றதோ, ஸ்விட்சர்லாந்தின் வீசன் பாலத்தின் மேல் ரயில் செல்லும் காட்சி. பாலத்தின் மீது ரயில் இல்லாவிட்டால் அதன் அளவு பார்ப்பவருக்குப் புலப்படாது. ஆள், மாடு, வண்டி, ரயில் எதுவாயினும், அது கட்டடத்தின் அளவையோ பயனையோ விளக்குகிறதா, அல்லது கட்டடத்தைப் பின்னணித் திரையாக்கிவிட்டுத் தானே பேசுகிறதா என்று பார்த்துவிட்டால் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

புதுமையை அளக்க நடுவருக்கு முன்னறிவு வேண்டும். மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலின் பின்னே சூரியன் உதிக்கும் காட்சியை முதன்முதலாகப் பார்ப்பவருக்கு அது புதுமை. அதை நூறு முறை பார்த்தவருக்கு அப்படியில்லை. இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஏற்கனவே உள்ள படங்களை ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு அமர்வது நேரம் பிடிக்கும் வேலைதான் என்றாலும், அதைச் செய்யாமல் புதுமைக்கு மதிப்பெண் கொடுப்பது ஊகமாகவே இருக்கும். படமே இல்லாத கட்டடத்துக்கு முதன்முதலாக வந்த தெளிவான படம் என்பதும், என் கணக்கில், புதுமையின் ஒரு வகையே.

மதிப்பெண்ணைக் கூட்டுவது

ஐந்து நடுவர்கள் இருக்கிறார்கள். ஒரு படத்துக்கு ஐவரும் நான்கு நட்சத்திரம் கொடுக்கிறார்கள், கூட்டினால் 20. மற்றொரு படத்துக்கு மூவர் ஐந்தும் இருவர் இரண்டும் கொடுக்கிறார்கள், கூட்டினால் 19. கூட்டுத்தொகையை மட்டும் நம்பினால், ஐவரில் மூவர் மிகச் சிறந்தது என்று கருதிய படம், எவருமே மிகச் சிறந்தது என்று சொல்லாத படத்திடம் தோற்றுவிடும். எவரையும் உறுத்தாத படங்களே பரிசு பெறுகின்றன என்ற மனக்குறை போட்டிகளைப் பற்றி எழுவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். எனவே நட்சத்திரத்தை இடைச் சுற்றோடு நிறுத்திக்கொண்டு, இறுதிச் சுற்றில் ஒவ்வொரு நடுவரும் படங்களை வரிசைப்படுத்தித் தரட்டும். தாராளமாகக் கொடுப்பவரும் கஞ்சமாகக் கொடுப்பவரும் வரிசைப்படுத்தும்போது சமமாகிவிடுகிறார்கள் என்பது இதன் கூடுதல் நன்மை. நட்சத்திரங்களில் பெரிய இடைவெளி விழுந்த படங்களைத் தனியே எடுத்து, உயர்த்தியவரும் தாழ்த்தியவரும் காரணம் சொன்ன பிறகே முடிவு செய்ய வேண்டும். தாழ்த்தியவர் ஒட்டுவேலை ஒன்றைக் கண்டிருக்கலாம், உயர்த்தியவர் மற்றவர் அறியாத கட்டட வரலாற்றை அறிந்திருக்கலாம்.

இந்தக் கலந்துரையாடலில், முதலில் எல்லோரும் தத்தம் வரிசையை எழுதிக் கொடுத்துவிட்டு அதன் பின் பேசத் தொடங்குவது மிக முக்கியம். மூத்தவர் வாய் திறந்த பிறகு இளையவர் தம் கருத்தை மாற்றிக்கொள்வது நம் சபைகளில் இயல்பாக நடப்பது. எழுத்தில் முன்பே இருந்தால் அது மறையாது. தமக்குத் தெரிந்தவர் எடுத்த படம் என்று ஒரு நடுவர் உணர்ந்தால், அந்தப் படத்துக்கு வாக்களிக்காமல் விலகிக்கொண்டு அதைத் தலைமை நடுவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தேர்வான படத்துக்கு எழுதும் குறிப்பு இரண்டு மூன்று வரிகளில் அமைந்தாலும் படத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும். ‘அற்புதமான ஒளியமைப்பு, அருமையான கோணம்’ என்று எழுதினால் அது எந்தப் படத்துக்கும் பொருந்தும். ‘இடப்பக்கத்திலிருந்து வரும் காலை ஒளி தூண்களின் நிழலைத் தரையில் வரிசையாக விழச் செய்து, தாழ்வாரத்தின் நீளத்தை எண்ணிப் பார்க்க வைக்கிறது, வலது ஓரத்தில் வெட்டுப்பட்ட தூண் மட்டும் குறை’ என்று எழுதினால், எடுத்தவருக்கு அடுத்த முறை எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியும்.

முடிவை அறிவிக்கும் முன், முதல் இடங்களுக்கு வந்த அனைவரிடமும் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். ஐயத்துக்குரியவரிடம் மட்டும் கேட்டால் அது குற்றச்சாட்டாகிவிடும், எல்லோரிடமும் கேட்டால் அது நடைமுறை. கட்டடத்தின் பெயரும் ஊரும் சரியா என்பதை அந்தப் பகுதியை அறிந்த ஒருவரைக் கொண்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மேற்சொன்ன உலகளாவிய போட்டிக்கு ஒவ்வொரு நாடும் அதிகபட்சம் பத்துப் படங்களை அனுப்பலாம் என்ற ஏற்பாட்டில், பத்தோடு நிறுத்தாமல் பதினொன்றையும் பன்னிரண்டையும் பதின்மூன்றையும் வரிசையிட்டுக் கையில் வைத்திருப்பது நல்லது. சரிபார்ப்பில் ஒன்று விழுந்தால், களைத்துக் கலைந்துபோன நடுவர் குழுவை அவசரமாகத் திரும்பக் கூட்ட வேண்டிய தேவை எழாது.